ஐஸால வந்ததா, முன்னமே இருந்ததா? போதையும் மனநோயும் ஒன்றாக வரும்போது

திருகோணமலையில் ஒரு இளைஞனை மனநல வாட்டில் மறித்துவிட்டார்கள் என்றால், வீட்டார் வைத்தியரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "டொக்டர், இது ஐஸ் அடிச்சதால வந்ததா, இல்லாட்டி முன்னமே இருந்த வருத்தமா?"

ஐஸ் என்பது மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருள். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குள் ஒரு ஆசையும் ஒளிந்திருக்கிறது. போதையால் வந்தது என்று வைத்தியர் சொல்லிவிட்டால், போதையை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும், குளிசை தேவையில்லை, தங்கச்சிக்குக் கலியாணம் பேசும்போது "அந்த வீட்டில விசர் இருக்கு" என்ற கதையும் வராது. வேறு சில வீடுகளில் ஆசை மறுபக்கமாக இருக்கும். மகன் போதைக்காரன் என்று ஊர் சொல்வதைவிட, அவனுக்கு ஒரு வருத்தம் என்று சொல்வது அவர்களுக்குச் சுகம். அதனால் கஞ்சாக் கதையையே வைத்தியரிடம் மறைத்துவிடுவார்கள்.

இரண்டு வீட்டாரும் ஒன்றைத் தெரிவுசெய்யப் பார்க்கிறார்கள். வாட்டில் படுத்திருக்கும் பிள்ளைக்கோ பல வேளைகளில் இரண்டும் இருக்கிறது. கடுமையான மனநோயும் போதைப் பாவனைக் கோளாறும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை இரட்டை நோய்நிலை என்பார்கள். இது அபூர்வமும் அல்ல. அமெரிக்காவில் 1980களில் சுமார் 20,000 பேரிடம் நடத்திய பெரிய கணக்கெடுப்பில், மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் 47 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் மது அல்லது போதைக் கோளாறு இருந்திருக்கிறது. இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களில் அது பாதிக்கும் மேல். ஆகவே உலகில் எந்த மனநல வாட்டுக்குப் போனாலும், இளவயதுக்காரர்களிடம் போதை பற்றிக் கேட்பது வழக்கமான கேள்விகளில் ஒன்று. குற்றம் கண்டுபிடிக்கிற விசாரணை என்று யாரும் அதை நினைக்க வேண்டாம்.

கடுமையான மனநோய் என்று இங்கே சொல்வது கவலை, மனஅழுத்தம் எல்லாவற்றையும் அல்ல. பெரும்பாலும் மூன்றைத்தான். ஒன்று மனச்சிதைவு: யாருமில்லாதபோது குரல் கேட்பது, தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை, பேச்சு தொடர்பறுவது. இன்னொன்று இருதுருவக் கோளாறு: சில வாரம் நித்திரையே இல்லாமல் உலகத்தை வாங்கப் போவதுபோல ஓடித்திரிந்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் எழும்பாமல் கிடப்பது. மூன்றாவது, சாப்பாடும் நித்திரையும் போய் உயிரை விடலாம் என்ற அளவுக்கு வரும் கடும் மனச்சோர்வு. குரலும் பிரமையும் சந்தேகமும் கலந்து, எது நிஜம் என்று பிரித்தறிய முடியாமல் போகும் நிலைக்கு சைக்கோசிஸ் என்று பெயர். மேலே சொன்ன மூன்றிலும் அது வரலாம். போதையாலும் வரலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 22, திருக்கடலூர்ப் பக்கம், இரவில் கடலுக்குப் போகிறவன். பதினாறு வயதில் கஞ்சா தொடங்கியது. ஆறு மாதத்துக்கு முன்பு, "இதை அடிச்சா ராவு முழுக்க நித்திரை வராது, வேலைக்கு நல்லது" என்று யாரோ ஐஸ் கொடுத்தார்கள். கடைசிப் பத்து நாளும் ஒழுங்கான நித்திரை இல்லை. போனில் யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று சிம்மைக் கழற்றி எறிந்தான். கூரைக்கு மேலே ட்ரோன் பறக்கிறது என்றான். அம்மா கொடுத்த சோற்றில் மருந்து கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் கட்டினார்கள். இரண்டு நாள் அடங்கியது, மூன்றாம் நாள் அண்ணனை அடிக்கப் போய்விட்டான். அப்போதுதான் ஆஸ்பத்திரி.

வாட்டுக்கு வந்ததும் முதலில் பார்ப்பது மனத்தை அல்ல, உடம்பை. தலையில் அடிபட்டதா, காய்ச்சல் இருக்கிறதா, சீனி கூடிக் குறைந்ததா, உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா. திடீரென்று ஒருவர் குழம்பிப் பேசினால் மூளைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், மது திடீரென்று நின்றதால் வந்த நடுக்கக் குழப்பமாகவும் இருக்கலாம். இரண்டும் உயிராபத்து. அதற்கப்புறம்தான் சிறுநீர்ப் பரிசோதனை. இந்தப் பரிசோதனையைப் பற்றி வீட்டாருக்கு ஒரு மிகையான நம்பிக்கை உண்டு. ஐஸ் சிறுநீரில் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு நாள் வரைதான் தெரியும். எப்போதாவது கஞ்சா அடிப்பவருக்குச் சில நாள், தினமும் அடிப்பவருக்கு ஒரு மாதம் வரைகூடத் தெரியலாம். சாதாரணக் கிட்டில் லிரிக்கா போன்ற நரம்பு வலிக் குளிசைகள் அகப்படுவதே இல்லை. ஆகவே 'நெகட்டிவ்' என்றால் பாவிக்கவில்லை என்று அர்த்தமில்லை, 'பொசிட்டிவ்' என்றால் நோயே அதனால்தான் வந்தது என்றும் அர்த்தமில்லை. வீட்டார் உண்மையாகச் சொல்லும் கதைதான் கிட்டைவிடப் பெறுமதியானது.

இனி, போதை எப்படி இந்த வேலையைச் செய்கிறது என்று பார்ப்போம். மூளையில் டோபமின் என்று ஒரு இரசாயனம் உண்டு. அதன் வேலைகளில் ஒன்று, "இது முக்கியம், கவனி" என்று குறிகாட்டுவது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியை ஒருவன் முழுதாகத் திருகிவிட்டால் ஐயரின் மந்திரமும் கேட்கும், அவருடைய இருமலும் கேட்கும், மைக் வயர் உரசுவதும் இடிபோலக் கேட்கும் அல்லவா? டோபமின் கட்டுமீறும்போது அதுதான் நடக்கிறது. நாய் குரைத்ததும், பக்கத்து வீட்டான் இருமியதும், மோட்டார்சைக்கிள் ஒன்று வாசலில் மெதுவாகப் போனதும் எல்லாமே தனக்கான சேதியாகத் தோன்றத் தொடங்கும். மனச்சிதைவில் இது உள்ளிருந்து நடக்கிறது. ஐஸ் வெளியிலிருந்து அதே திருகைத் திருகுகிறது. சைக்கோசிஸுக்குக் கொடுக்கும் பெரும்பாலான மருந்துகள் டோபமின் வந்து பொருந்தும் வாசலை அடைப்பவை. அதனால்தான் காரணம் எதுவாக இருந்தாலும் முதல் நாள் கொடுக்கும் மருந்து அநேகமாக ஒன்றாகவே இருக்கும். "எதால வந்ததெண்டு தெரியாமலே மருந்து குடுக்கிறாங்கள்" என்று கோபப்படும் வீட்டாருக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

கஞ்சாவைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி. "அது மூலிகை, சாமியார்மாரே அடிக்கிறாங்க" என்று ஒன்று, "ஒரு தரம் இழுத்தா விசர்" என்று மற்றது. இரண்டுமே பிழை. கஞ்சா பாவிக்கும் பெரும்பாலானோருக்குச் சைக்கோசிஸ் வருவதில்லை. ஆனால் ஆபத்து கூடுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. சுவீடனில் 1969-70ல் படைக்கு எடுக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு பாவிக்காதவர்களைவிட ஆறு மடங்காக இருந்தது. 1987ல் இது வெளியானது. 2019ல் ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் செய்த ஆய்வில், வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் பாவிப்பவர்களுக்கு சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டார்கள். சின்ன வயதில் தொடங்கியது, தினமும் அடிப்பது, சரக்கின் வீரியம், சொந்தத்தில் யாருக்காவது மனநோய் இருப்பது, இவை சேரச் சேர ஆபத்து ஏறும். சித்தப்பாவுக்கு அந்த வருத்தம் இருந்ததென்றால் அதை மறைக்காமல் பிள்ளைக்குச் சொல்லிவிடுவது, பத்துப் புத்திமதியைவிடப் பயனுள்ளது.

சாராயமும் கசிப்பும் வேறு விதம். குடித்துக் கொண்டிருக்கும்போது வருவதைவிட, தினமும் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தும்போது வருவதுதான் பயங்கரம்: முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் வியர்வையும் இல்லாததைக் காண்பதும். "சாமிக்கு நேர்ந்து ஒரேயடியா விட்டுட்டான்" என்று சந்தோஷப்படும் வீட்டில் இப்படி நடப்பதுண்டு. கடுமையாகக் குடிப்பவர் வைத்தியரைக் கண்டுதான் விடவேண்டும். ஹெரோயின், ஊரில் தூள் என்பது, பொதுவாகச் சைக்கோசிஸைக் கொண்டுவருவதில்லை. அதன் ஆபத்து மூச்சு நிற்பதில் இருக்கிறது. நரம்பு வலிக் குளிசைகளையும் தூக்கக் குளிசைகளையும் சாராயத்தோடு கலந்து போடுவதிலும் அதே ஆபத்து.

ஐஸ் விஷயத்தில் யப்பானின் அனுபவம் பழையது. மெத்தம்பெட்டமினை 1893ல் முதலில் தயாரித்ததே ஒரு யப்பானிய விஞ்ஞானிதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கே அது கடைகளில் தாராளமாகக் கிடைத்தது, ஆயிரக்கணக்கானோர் சைக்கோசிஸோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அந்த நாட்டு வைத்தியர்கள் கவனித்த ஒன்று இன்றும் நமக்கு வேண்டியது. பலர் சில நாளில், சில வாரத்தில் தெளிந்தார்கள். ஆனால் தெளிந்தவர்களில் சிலருக்குப் பிறகு மிகக் கொஞ்சம் பாவித்தாலே, சில வேளை பாவிக்காமல் வெறும் மனக்கஷ்டம் வந்தாலே, பழைய சந்தேகமும் குரலும் திரும்பி வந்தன.

சரி, நம் பையனுக்கு எதனால் வந்தது? இதற்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் அளவுகோல் காலம். போதை உடம்பைவிட்டுப் போய் ஒரு மாதம் கடந்தும் குரல் கேட்கிறது, சந்தேகம் தொடர்கிறது என்றால், அடியில் ஒரு மனநோய் இருக்கிறது என்று எண்ணத் தொடங்குவார்கள். போதை தொடங்குமுன்பே அவன் ஆட்களைத் தவிர்த்தானா, பள்ளிக்கூடத்தில் படிப்பு திடீரென்று விழுந்ததா, தனியே சிரித்தானா என்பதும் முக்கியம். அதனால் முதல் நாளே "இதுதான்" என்று வைத்தியர் அடித்துச் சொல்லவில்லை என்றால் அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்க வேண்டாம். அவர் காத்திருக்கிறார்.

காத்திருந்து, "போதையால் வந்ததுதான்" என்று சொன்னாலும் கதை அதோடு முடிவதில்லை. டென்மார்க்கில் போதையால் சைக்கோசிஸ் வந்தவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018ல் வெளியானது. மூன்றில் ஒருவருக்குப் பிறகு மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ வந்திருந்தது. கஞ்சாவால் வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு. ஆகவே "ஐஸால வந்ததுதானே, இனி அடிக்காட்டிச் சரி" என்று கிளினிக் கொப்பியை அலுமாரியில் பூட்டிவைப்பதுதான் இந்த விஷயத்தில் வீடுகள் செய்யும் ஆகப் பெரிய பிழை என்பது என் எண்ணம். போதைதான் காரணம் என்பது நிம்மதி தரும் பதில் அல்ல. கூடுதலாகக் கண்காணிக்கச் சொல்லும் பதில்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நோய் முதலில் வந்து, பிறகு போதையைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மனவேதனைக்குத் தானே மருந்து போட்டுக்கொள்வதுதான் போதை என்ற கருத்தை அமெரிக்க மனநல வைத்தியர் எட்வர்ட் கான்ட்சியன் 1985ல் முன்வைத்தார். அது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் நோயாளிகளிடமே கேட்டால் "குரலை அடக்கத்தான் அடிச்சேன்" என்று சொல்கிறவர்கள் குறைவு. நித்திரை வரவில்லை, மனம் வெறுமையாக இருக்கிறது, பொழுது போகவில்லை, சேர்ந்திருக்க வேறு ஆட்கள் இல்லை, இப்படித்தான் பெரும்பாலும் பதில் வரும். கடைசியாகச் சொன்னதை நான் முக்கியமாக எடுப்பேன். மனநோய் வந்த பெடியனை ஊர் மெல்ல ஒதுக்குகிறது. கிரிக்கெட்டுக்குக் கூப்பிடுவதில்லை, வேலைக்கு எடுப்பதில்லை. ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருத்துகிற கூட்டம் கடற்கரையில் கஞ்சா சுற்றும் கூட்டம்தான்.

இன்னொரு வழியும் உண்டு: ஒரே வேரிலிருந்து இரண்டும் முளைப்பது. பரம்பரை அதில் ஒன்று, சின்ன வயதில் பட்ட அடி இன்னொன்று. திருகோணமலையில் இன்று இருபதுகளில் இருப்பவர்களில் பலர் 2004 சுனாமிக்கும் 2006ல் மூதூர், சம்பூர் இடப்பெயர்வுக்கும் கைக்குழந்தைகளாகவோ சின்னப் பிள்ளைகளாகவோ இருந்தவர்கள். சிலருக்கு அதெல்லாம் நினைவே இல்லாமல் இருக்கலாம், ஆனால் அந்த நாட்களைத் தாண்டி வந்த தாய் தகப்பனிடம்தான் வளர்ந்தார்கள். தகப்பன் குடித்தது, தாய் இரவில் திடுக்கிட்டு எழும்பியது, இவையும் பிள்ளையின் மூளை வளர்ந்த சூழலில் ஒரு பகுதி. சரியாக இந்த வயதில் ஏன் என்றால், முன்யோசனையையும் கட்டுப்பாட்டையும் பார்க்கும் முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. மனச்சிதைவும் ஆண்களில் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் அதிகம் தலைகாட்டும், பெண்களில் கொஞ்சம் பிந்தி. போதையைப் பழகும் வயதும் அதே வயது. பெண் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியையே கேட்காமல் விடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர்களிடமும் கேட்க வேண்டும்.

வைத்தியத்துக்கு வருவோம். முன்பு உலகம் முழுக்க ஒரு பந்தாட்டம் நடந்தது. போதை நிலையம் "முதல்ல மனநோயைச் சுகப்படுத்திக் கொண்டுவாங்கோ" என்றது, மனநல வாட்டு "முதல்ல போதையை விட்டுட்டு வரட்டும்" என்றது. நடுவில் நோயாளி வீட்டில் கிடந்தான். 1980களிலிருந்து, இரண்டையும் ஒரே குழு ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்ற முறை வளர்ந்தது. இன்று அதுதான் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. இன்னும் "புனர்வாழ்வுக்கு அனுப்பினாச் சரிவரும்" என்று சொல்லும் உறவினர்களுக்கு ஒன்று: குரல் கேட்கிற, யாரையும் நம்பாத நிலையில் இருக்கும் ஒருவனுக்கு முதலில் வேண்டியது மனநல வைத்தியம். கண்டிப்பும் ஒழுக்கமும் உள்ள முகாமில் அவனுடைய சந்தேகம் இன்னும் கூடத்தான் செய்யும்.

வாட்டில் மருந்தோடு நடக்கும் இன்னொரு வைத்தியம் பேச்சு. நம்முடைய வழக்கம் பிரசங்கம். "உன்ர அம்மாவைப் பார், கண்ணீர் விடுறா" என்று தொடங்குவோம். அது வேலை செய்வதில்லை. உந்துதல் நேர்காணல் என்ற முறையை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983ல் எழுதினார், பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்தார். அதில் தாதி இப்படிக் கேட்பார்:

"தம்பி, ஐஸ் அடிக்கிறதில என்ன நல்லா இருக்கு?"

"நித்திரை வராது மிஸ். ராவு முழுக்க வலை இழுக்கலாம்."

"சரி. நல்லா இல்லாதது?"

"அம்மா கதைக்கிறதெல்லாம் பொய்யெண்டு படும். அது பிடிக்காது."

"அப்ப கடலுக்குப் போறதும் வேணும், அம்மாவை நம்பவும் வேணும்?"

இதற்குப் பையன் உடனே பதில் சொல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. விடவேண்டிய காரணம் அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. நல்லதைக் கேட்டால் ஊக்குவிப்பதாகிவிடாதா என்று தகப்பன்மார் பயப்படுவார்கள். அவனுக்கு அது ஏற்கெனவே தெரியும், நாம் தெரியாததுபோல நடிப்பதுதான் அவனை வாய்மூட வைக்கிறது.

சிகரெட்டைப் பற்றி ஒரு விஷயம். ஆஸ்பத்திரிக்கு வெளியே அதிகம் பேர் பேசாதது. குளோசபின், ஓலன்சபின் என்ற இரண்டு மருந்துகளைப் பாவிப்பவர் புகைபிடித்தால் மருந்து உடம்பில் வேகமாகக் கரைந்துபோகும். காரணம் நிகொட்டின் அல்ல, புகையில் உள்ள வேறு சேர்மங்கள் ஈரலைத் தூண்டுவதுதான். வாட்டில் சிகரெட் இல்லாமல் இருந்தபோது சரியாக இருந்த அளவு, வீட்டுக்குப் போய் ஒரு பக்கெட் பிடிக்கத் தொடங்கியதும் போதாமல் போகலாம். மறுபக்கம், வீட்டில் புகைத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களில் மருந்து கூடி, தூங்கி வழிவான், எச்சில் வடியும், குளோசபின் என்றால் வலிப்பு ஆபத்தும் ஏறும். நிறுத்துவது நல்லதுதான், ஆனால் வைத்தியரிடம் சொல்லிவிட்டு.

துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. வாட்டில் போதை கிடைக்காது, நித்திரை உண்டு, மூன்று வேளை சாப்பாடு உண்டு, பையன் தெளிந்து வருவான். வீட்டார் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஹெரோயின் பாவித்தவனுக்கு இந்தக் காலம் மிக ஆபத்தானது. சில வாரம் இல்லாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, ஒரே தடவையில் மூச்சு நிற்கலாம். மற்றவர்களுக்கு ஆபத்து மெதுவாக வரும். குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, பிறகு மறப்பது. அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி பெரிய உதவி. "ஊசி போட்டா ஆண்மை போகும்" என்ற கதை ஊரில் சுற்றுகிறது. சில மருந்துகளுக்குப் பாலியல் பக்கவிளைவு உண்டுதான், குளிசைக்கும் உண்டு. சொன்னால் மருந்தை மாற்றலாம்.

"இண்டைக்குக் குடிச்சிட்டான், குளிசை குடுக்கலாமா?" என்று அம்மாமார் கேட்பார்கள். இதை முதல் கிளினிக்கிலேயே வைத்தியரிடம் கேட்டு, எந்தக் குளிசை தொடரவேண்டும், எதை அன்று நிறுத்தவேண்டும் என்று எழுதி வாங்கிவிடுங்கள். தூக்கக் குளிசையும் சாராயமும் சேரக்கூடாது, அது ஒன்று. ஆனால் குடித்த நாளெல்லாம் மனநோய் மருந்தையும் நிறுத்திவைத்தால், வாரத்தில் நான்கு நாள் மருந்தில்லாமல் போகும், அடுத்த மாதம் திரும்பவும் வாட்டு. ஒருமுறை வழுக்கி விழுந்தால் "எல்லாம் வீண்" என்று கைவிடுவதும் அதே பிழை. இந்த நோயில் வழுக்குவது எதிர்பார்க்கப்படுவது. மூன்று மாதம் இல்லாமல் இருந்து ஒருநாள் அடித்தவனிடம் கேட்கவேண்டிய கேள்வி, அந்த நாளில் என்ன நடந்தது என்பது.

வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து திருகோணமலைப் பொது ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் ஒருநாள் கூலி போய்விடும். அதனால் பக்கத்து ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று துண்டு வெட்டும்போதே கேட்டு, தொடர்வைத்தியத்தை அங்கே எழுதி வாங்கலாம். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவர்கள் போகட்டும், மருந்தை நிறுத்தாமல் போகட்டும். கிளினிக்குக்குப் போகும்போது ஒரு தாளில் நான்கு விஷயம் போதும்: எத்தனை மணிநேரம் தூங்குகிறான், கடைசியாக எதை எப்போது பாவித்தான், எத்தனை நாள் குளிசை தவறியது, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட். இரவில் குழம்பினாலோ, சாகப்போகிறேன் என்று சொன்னாலோ, யாரையாவது அடிக்கும் நிலை வந்தாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு 24 மணிநேரமும் பேசலாம். மூச்சு மந்தமாகி எழுப்ப எழும்பாமல் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ 1990 அம்புலன்ஸ். அதில் வருபவர்களிடம், அவன் எதை அடித்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.